சாம்பலான நகருக்குத் திரும்பி வந்த காப்பித்தான் யாப் ஆ லோய்

தெலுக் பங்லிமா காராங் என்ற நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு போர்வீரன் இருக்கிறான். தெலுக் என்றால் குடா. பங்லிமா என்றால் படைத்தலைவன். காராங் என்றால் மூர்க்கமானவன். இதே பங்லிமா பொறுப்பைச் சுங்கை ஊஜோங்கில் சுமந்த ஒரு சீன இளைஞர், பின்னாளில் கோலாலம்பூரின் காப்பித்தான் ஆனார். அவர்தான் யாப் ஆ லோய்.

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயரைப் படித்திருப்போம். கோலாலம்பூர் பழைய நகர்ப் பகுதியில் ஜாலான் யாப் ஆ லோய் என்ற சிறிய சாலையைக் கடந்து போயிருப்போம். ஆனால் அவர் ஒரு நகரை முழுமையாக இழந்து, கடனாளியாகித் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடியும் தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் வாழும் தமிழர்கள் தங்கள் பேட்டையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அறியாமலேயே அவர் கதையின் ஒரு பகுதியையும் சொல்கிறார்கள்.

சமையற்காரராகத் தொடங்கிய வாழ்க்கை

1837-ஆம் ஆண்டு தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு ஏழை ஹக்கா குடும்பத்தில் யாப் ஆ லோய் பிறந்தார். 1854-இல், 17 வயதில் மலாக்காவில் வந்து இறங்கினார். அங்கே ஈயச் சுரங்கத்திலும் உறவினர் கடையிலும் சில காலம் வேலை செய்தார். எதுவும் நிலைக்கவில்லை. சீனாவுக்கே திருப்பி அனுப்ப உறவினர்கள் ஏற்பாடு செய்தார்கள். சிங்கப்பூரில் கப்பலுக்குக் காத்திருந்தபோது கையில் இருந்த பணத்தைச் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

ஊருக்குப் போக வழியில்லாமல் அவர் லுக்குட் சென்றார். இன்றைய போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில் உள்ள லுக்குட் அப்போது செழிப்பான ஈயச் சுரங்க ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சோறு சமைத்தார். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பன்றி வாங்கி விற்றார். பன்றியைக் கொடுத்து ஈயம் வாங்குவதற்காகச் சுரங்கம் சுரங்கமாக நடந்தார். அந்த நடையில் பல ஊர்களும் பல ஆட்களும் அவருக்குப் பழக்கமானார்கள்.

அடுத்து அவர் போனது சுங்கை ஊஜோங். இன்றைய சிரம்பான் வட்டாரம் அது. அங்கே சீனர்களின் தலைவராக இருந்த காப்பித்தான் ஷின் என்பவரிடம் பங்லிமாவாகச் சேர்ந்தார். 1860-இல் அங்கே மலாய்த் தலைவர்கள் இருவருக்கிடையே சண்டை மூண்டது. சீனர்களும் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். காப்பித்தான் ஷின் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். யாப் ஆ லோய் காயத்துடன் தப்பினார். தலைவனை இழந்த அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. 1864-இல் கோலாலம்பூரில் சின் சே சி யா கோயிலை அவர் அமைத்தபோது, அங்கே தெய்வமாக வைத்து வணங்கியது அந்தப் பழைய முதலாளியைத்தான்.

சேறும் காய்ச்சலும்

யாப் ஆ லோய் வந்து சேர்ந்த கோலாலம்பூர், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இருந்த ஒரு படகுத்துறை. 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியாக அனுப்பினார். அவர்கள் அம்பாங் காட்டில் இறங்கினார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர்தான்.

காட்டைத் திருத்தி ரப்பர் நட்ட நம் பாட்டன்மாரும் அதே மலேரியாவுக்குக் கொத்துக் கொத்தாக மடிந்தவர்கள். அந்த 87 பேரைப் பற்றிப் படிக்கும்போது தோட்டத்தில் பிறந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. செத்தவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். ஈயம் கிடைத்தது. நகரம் வளரத் தொடங்கியது.

இரண்டாவது காப்பித்தானாக இருந்த லியூ நிம் கோங்கின் வலக்கையாக யாப் ஆ லோய் வேலை பார்த்தார். 1868-இல் லியூ இறந்ததும் அவரே மூன்றாவது காப்பித்தான் ஆனார். அப்போது அவருக்கு வயது 31.

போர் ஏன் வந்தது?

சிலாங்கூர் உள்நாட்டுப் போர் 1867-இல் தொடங்கிவிட்டது. கிள்ளான் யாருக்கு என்பதுதான் அதன் வேர். ராஜா மஹாடியின் தந்தை ஆண்ட கிள்ளான், மகனுக்கு வராமல் ராஜா அப்துல்லாவின் கைக்குப் போயிருந்தது. ராஜா அப்துல்லா வரி வசூலிக்கும் உரிமையைச் சிங்கப்பூர் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அபினுக்கு வரி கட்ட மாட்டேன் என்று ராஜா மஹாடி மறுத்தார். வாக்குவாதம் சண்டையானது. ராஜா மஹாடி கிள்ளானைப் பிடித்துக்கொண்டார். ராஜா அப்துல்லா மலாக்காவுக்குத் தப்பி ஓடி அங்கேயே இறந்தார்.

கிள்ளான் நகருக்குப் போகிறவர்கள் 1857-இல் கட்டப்பட்ட ராஜா அப்துல்லாவின் கிடங்குக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். ராஜா மஹாடி கோட்டையின் நுழைவாயிலும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு எதிரிகளின் சின்னங்களும் ஒரே ஊரில் நிற்கின்றன.

இந்தச் சண்டையில் நம் கோலலங்காட் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்தது லங்காட்டில். 1868-இல் அவர் தம் மகள் ராஜா அர்ஃபாவை மணந்த கெடா இளவரசர் துங்கு கூடினிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தார். மருமகனின் செலவுக்கு லங்காட்டின் வருமானத்தையும் கொடுத்தார். கிள்ளானிலிருந்து மாதந்தோறும் வரவேண்டிய 500 வெள்ளியை ராஜா மஹாடி அனுப்ப மறுத்தது சுல்தானின் கோபத்துக்கு ஒரு காரணம். துங்கு கூடின் கெடாவிலிருந்து 500 பேரை அழைத்து வந்தார். 1870 மார்ச்சில் ராஜா மஹாடி கிள்ளானை விட்டு வெளியேறினார்.

யாப் ஆ லோயின் இக்கட்டு இங்கேதான் தொடங்கியது. அவரைக் காப்பித்தானாக முறைப்படி அங்கீகரித்தவர் ராஜா மஹாடி. ஆனால் கோலாலம்பூரில் தோண்டும் ஈயம் கிள்ளான் ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அரிசியும் அதே வழியில்தான் வர வேண்டும். ஆற்றின் வாயைப் பிடித்தவர் துங்கு கூடின். யாப் ஆ லோய் அவர் பக்கம் சேர்ந்தார். ராஜா மஹாடியின் பார்வையில் இது துரோகம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சோறு போட வேண்டியவருக்கு வேறு வழி இருந்ததா என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சீனர்களும் ஒற்றுமையாக இல்லை. சாங் சோங் என்பவர் காப்பித்தான் பதவி தனக்கே உரியது என்று கிளம்பினார். ரவாங் அருகிலுள்ள கஞ்சிங் சுரங்கத்தார் அவர் பக்கம். இரு தரப்பும் ஹக்கா மக்கள்தான். தாய்நாட்டில் எந்த மாவட்டம், இங்கே எந்த ரகசியச் சங்கம் என்பதில்தான் வேறுபாடு. கப்பலேறி வந்த பிறகும் ஊர்ப் பிரிவினையை விடாதவர்கள் நாம் மட்டும் இல்லை. சாங் சோங் சையத் மஷோரின் படையோடு சேர்ந்து 1870-இல் கோலாலம்பூரைத் தாக்கினார். அந்த முறை யாப் ஆ லோய் நகரைக் காத்துக்கொண்டார். எதிரியின் தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று அவர் பரிசு அறிவித்ததும் வரலாற்றில் இருக்கிறது. அவர் மென்மையான மனிதர் இல்லை.

1872 ஆகஸ்ட்: நகரம் வீழ்ந்தது

1872-இல் சையத் மஷோர் மறுபடியும் வந்தார். இம்முறை மண்டைலிங் தலைவர்களான ராஜா அசாலும் சூத்தான் புவாசாவும் அவருடன் நின்றார்கள். நகரைச் சுற்றியிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயின. கிள்ளானுக்கு போகும் வழி அடைபட்டது. உள்ளே அரிசி குறைந்தது.

துங்கு கூடின் அனுப்பிய ஒரு படை புக்கிட் நானாஸ் குன்றில் இருந்தது. வான் ஹாகன் என்ற ஐரோப்பியர் அதன் தலைவர். நிலைமை கைமீறியதும் அந்தப் படை இரவில் வெளியேறிக் கிள்ளானை அடைய முயன்றது. பழக்கமில்லாத காட்டில் வழி தவறி, பெட்டாலிங்கில் எதிரிகளிடம் சிக்கியது. வான் ஹாகன் கொல்லப்பட்டார்.

அதற்குமேல் நிற்க முடியாது என்று தெரிந்ததும் யாப் ஆ லோய் தம் ஆட்களுடன் காட்டு வழியே கிள்ளானுக்குத் தப்பினார். வழியில் பலர் மாண்டார்கள். அத்தாப்புக் கூரை வீடுகள் நிறைந்த கோலாலம்பூர் எரிந்து சாம்பலானது. சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிறைந்தது. பத்து ஆண்டு உழைப்பு ஒரே மாதத்தில் போனது.

1873 மார்ச்: முடிவைத் தந்த சண்டை

கிள்ளானில் தங்கியே வியாபாரம் செய்திருக்கலாம். மலாக்காவுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. கடன் வாங்கினார், ஆள் சேர்த்தார், காத்திருந்தார்.

துங்கு கூடின் பகாங் ஆட்சியாளரான பெண்டஹாரா வான் அகமட்டின் உதவியைக் கேட்டிருந்தார். பகாங் படை மலைத்தொடரைக் கடந்து சிலாங்கூருக்குள் இறங்கியது. 1873 மார்ச்சில் பகாங் வீரர்களும் யாப் ஆ லோயின் ஆட்களும் சேர்ந்து கோலாலம்பூரை மீட்டார்கள். சையத் மஷோர் வடக்கே பின்வாங்கினார்.

இந்தச் சண்டைதான் போரின் போக்கைத் தீர்மானித்தது. கிள்ளான் ஆற்றின் வாய் துங்கு கூடினிடம் ஏற்கெனவே இருந்தது. இப்போது ஈயம் விளையும் உள்நாடும் அவர் பக்கம் வந்துவிட்டது. எதிர்த்தரப்புக்குப் படையை நடத்தப் பணம் வரும் வழி அடைபட்டது. அதே ஆண்டு நவம்பரில் கோலசிலாங்கூரும் விழ, போர் முடிந்தது.

வென்றவர்களுக்கும் நாடு முழுதாகக் கிடைக்கவில்லை. 1874-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் சுல்தானின் பக்கத்திலேயே லங்காட்டில் வந்து தங்கினார். 1875-இல் சிலாங்கூருக்கு முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனவர் டேவிட்சன். துங்கு கூடினுக்குப் பண உதவி செய்த சிங்கப்பூர் வழக்கறிஞர் அவர். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்து, அவருடன் சிலாங்கூருக்கு வந்தவர்தான் நம் தம்புசாமி பிள்ளை. துங்கு கூடின் 1878-இல் சிலாங்கூரை விட்டுப் போனார். ராஜா மஹாடி 1882-இல் சிங்கப்பூரில் இறந்தார். இருவரும் போன பிறகும் கோலாலம்பூரில் நின்றவர் யாப் ஆ லோய்.

சாம்பலில் இருந்து செங்கல்

மீட்ட நகரில் மிஞ்சியிருந்தது சாம்பலும் கடனும். சோர்ந்துபோன தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்தி மறுபடியும் சுரங்கத்தில் இறக்கினார். ஈயத்தின் விலை இறங்கிக் கிடந்த ஆண்டுகளில் அவர் திவாலாகும் நிலைக்கு வந்தார். 1879-இல் விலை ஏறியதுதான் அவரைக் காப்பாற்றியது. மறு ஆண்டே ரெசிடெண்டின் அலுவலகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது.

1881 ஜனவரியில் நகரில் மறுபடியும் தீ. டிசம்பரில் வெள்ளம். பிறகு ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், இனி வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று சொன்னார். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? யாப் ஆ லோய் நகரின் தெற்கே செங்கல் சூளை போட்டார். சூளைகள் இருந்த அந்த நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ். அவர் மரவள்ளி மாவு ஆலை வைத்திருந்த தெரு இன்றைய பெட்டாலிங் ஸ்திரீட். சீனர்கள் அதை இன்றும் மாவு ஆலைத் தெரு என்றே அழைக்கிறார்கள். 1884-இல் சீனப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கினார்.

அவர் சொத்தில் ஈயம் மட்டும் இல்லை. சூதாட்டக் கூடங்களிலும் அபினிலும் வந்த பணமும் இருந்தது. சுரங்கத்தில் கூலி வாங்கியவன் அதை அங்கேயே தொலைத்தான். தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்த நமக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. அவரைப் போற்றும்போது இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

1885 ஏப்ரலில், 48 வயதில் யாப் ஆ லோய் இறந்தார். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடியதை அவர் பார்க்கவில்லை. அது ஓடத் தொடங்கியது 1886-இல். அந்த ரயில்பாதையை நம்பித் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் செங்கல் சூளை நிலத்தின் பக்கம் குடியேறினார்கள். அவர் இறந்த அதே 1885-இல்தான், தம்புசாமி பிள்ளை தோற்றுவித்த மகா மாரியம்மன் கோயில் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள இடத்துக்கு வந்தது.

கோலாலம்பூரை நிறுவியவர் யார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ராஜா அப்துல்லா என்பார்கள், சூத்தான் புவாசா என்பார்கள், யாப் ஆ லோய் என்பார்கள். தொடங்கியவர் யாராக இருந்தாலும், எரிந்த பிறகு விட்டுவிட்டுப் போகாமல் இருந்தவர் இவர். அவரோடு திரும்பி வந்து குழிகளில் தண்ணீர் இறைத்த கூலிகளின் பெயர்கள் எந்தச் சாலையிலும் இல்லை. அவர்களும் நகரைக் கட்டியவர்கள்தான்.

அடுத்த முறை மாரியம்மனைக் கும்பிடப் பிள்ளைகளுடன் கோலாலம்பூருக்குப் போனால், கொஞ்ச தூரம் நடந்து லெபோ பூடுவில் கடைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் சின் சே சி யா கோயிலையும் காட்டுங்கள். அங்கே யாப் ஆ லோய்க்கும் ஒரு பீடம் உண்டு. பங்லிமா என்ற சொல் நம் ஊர்ப் பெயரில் எதற்காக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, அங்கே நின்று சொல்ல ஒரு கதை கிடைக்கும்.