மக்காச்சோளப் புள்ளிகளைப் படித்த பெண்

மக்காச்சோளக் கதிரை உரிக்கிறீர்கள். ஒரே நிற மணிகளுக்கு நடுவே புள்ளி விழுந்த மணி ஒன்று தெரிகிறது. பூஞ்சாணம் என்றோ, பக்கத்து வயல் மகரந்தம் கலந்துவிட்டது என்றோ ஒதுக்கிவிடுவீர்கள். பெரும்பாலும் உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால், அப்படிப்பட்ட புள்ளிகளை ஒதுக்காமல் ஆண்டுக்கணக்கில் பார்த்த ஒருவர், மரபியல் பாடத்தையே திருத்தினார். அவர் பெயர் பார்பரா மெக்ளின்டாக்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1902 ஜூன் 16 அன்று பிறந்தவர். கல்லூரிக்குப் போனால் மகளுக்கு வரன் அமையாது என்று அம்மா பயந்தார். மருத்துவரான அப்பா அனுப்பிவைத்தார். கார்னெல் பல்கலைக்கழக வேளாண் கல்லூரியில் படித்து, 1927-ல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார் பார்பரா. கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

மக்காச்சோளச் செல்லில் பத்து ஜோடி குரோமோசோம்கள் உண்டு. நுண்ணோக்கியில் அவற்றைத் தனித்தனியே அடையாளம் காண வழி கண்டார். 1931-ல் ஹேரியட் கிரெய்ட்டனுடன் சேர்ந்து, பண்புகள் புதிதாகச் சேரும்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை நிரூபித்தார். அவ்வளவு பெயர் எடுத்தும் நிலையான வேலை எளிதில் அமையவில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தில் எதிர்காலம் இல்லை என்று பட்டதால் 1941-ல் வெளியேறினார். பிறகு நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம்தான் அவருக்கு வீடும் வயலும் ஆனது.

அங்கே ஒரு சிறு நிலத்தில் மக்காச்சோளம் போட்டார். விதைப்பு, களையெடுப்பு, பை கட்டுவது, மகரந்தம் சேர்ப்பது எல்லாவற்றையும் முன்நின்று கவனித்தார். ஒவ்வொரு செடியின் தாய் தகப்பனையும் எழுதிவைத்தார்.

துள்ளி உட்காரும் துண்டு

1940-களின் நடுவில் சில நாற்றுகளின் இலைகள் அவரை நிறுத்திவைத்தன. அருகருகே இரண்டு பட்டைகள். ஒன்றில் கோடுகள் அதிகம், மற்றதில் குறைவு. இரண்டும் ஒரே செல்லிலிருந்து பிரிந்தவை. அப்படியானால், செல் பிரியும்போது ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றிருக்க வேண்டும் என்று கணித்தார்.

செல் இரண்டாகும் முன் அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதும் நகல் எடுக்கப்படும். கணக்கு நோட்டை இரண்டு மகன்களுக்கும் ஒன்றுபோல் எழுதிக் கொடுப்பது மாதிரி. ஆனால், நகல் எடுக்கும் வேளையிலேயே ஒரு துண்டு தன் பக்கத்தை விட்டுக் கிளம்பி வேறு பக்கத்தில் ஒட்டிக்கொண்டால், மகன்களுக்குச் சமபங்கு கிடைக்காது. இலையில் அவர் பார்த்தது இதைத்தான். இந்த விளக்கம் முழுமையாகக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

மணியின் புள்ளியும் இப்படி வந்ததுதான். நிறம் தரும் மரபணுவுக்குள் தாவும் துண்டு உட்கார்ந்தால் மணி வெளுத்துவிடும். மணி வளரும்போது ஒரு செல்லில் அது கிளம்பிப் போனால், அந்தச் செல்லின் வாரிசுகளில் நிறம் திரும்பும். சீக்கிரம் கிளம்பினால் பெரிய திட்டு, தாமதமானால் சிறு புள்ளி. சில துண்டுகள் தானாகத் தாவாது. தூண்டிவிட இன்னொரு துண்டு வேண்டும் என்பதையும் அவரே கண்டறிந்தார்.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

மாலையில் கோத்த மணிபோல மரபணுக்கள் நிலையான இடத்தில் இருப்பவை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 1951-ல் அறிஞர்கள் கூட்டத்தில் தன் முடிவை வைத்தார். பலருக்குப் புரியவில்லை. ஏற்றவர்களும் அது மக்காச்சோளத்தின் விநோதம் என்று விட்டுவிட்டனர். சில ஆண்டுகளில் இதுபற்றி முக்கிய இதழ்களில் எழுதுவதையே அவர் குறைத்துக்கொண்டார். ஆனால், விதைப்பதையும் குறித்துவைப்பதையும் விடவில்லை.

1960-களின் இறுதியில் பாக்டீரியாக்களிலும் தாவும் துண்டுகள் தென்பட்டன. பிறகு ஈக்களில், மனிதரில் என்று வரிசையாக வந்தன. 1983-ல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு மட்டுமே முழுதாக வழங்கப்பட்டது. அப்போது வயது 81. 1992 செப்டம்பர் 2 அன்று, 90 வயதில் காலமானார்.

2009-ல் மக்காச்சோளத்தின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, அதில் சுமார் 85 சதவீதம் இப்படிப்பட்ட துண்டுகள் என்று தெரிந்தது. மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணிக்கும் ஒரு தாவும் துண்டே காரணம். உங்கள் மாட்டுக்கும் கோழிக்கும் கண்டபடி ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொல்கிறாரே, அதிலும் இந்தச் சங்கதி இருக்கிறது. மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமந்துகொண்டு தாவும் துண்டுகள், ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு கிருமிக்குப் போய்ச்சேர வழி உண்டு.

அடுத்த முறை வயலில் ஒரு செடி மட்டும் வேறு மாதிரி நின்றால், முதலில் நோயா, சத்துக் குறையா, கலப்பு விதையா என்று வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். மூன்றும் இல்லை என்றால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். விதையைத் தனியே எடுத்து, தேதி எழுதி, அடுத்த பட்டத்தில் ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். பார்பரா தன் நிலத்தில் செய்த வேலையும் அதுதான்.