வயலின் பேராசான் லக்ஷ்மிநாராயண ஐயர்

நல்லாசிரியன் ஒருவன் தன் கலையைப் பிறர் கையில் ஒப்படைத்துச் செல்கின்றான். அதனைத் தான் பெற்ற மக்களின் கையிலேயே ஒப்படைத்து, அது தன் கையில் இருந்ததினும் மேலாக வளர்வதைக் கண்ணாற் கண்டு மகிழும் பேறு மிகச் சிலருக்கே வாய்க்கின்றது. அத்தகைய பேறு பெற்றவர் வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயண ஐயர் அவர்கள். 1911ஆம் ஆண்டிற் பிறந்து 1990ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியார், 1950களில் எமது யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராக இருந்து கற்பித்தவர். அவர்தம் புதல்வர் மூவரின் பெயரும் உலகறிந்தவை. அவர்கள் சிறுவராய் இசை பயின்றது இம்மண்ணிலே என்பதை எம் இளைஞரிற் பலர் அறியார். ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரிற் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எம்போன்றோருக்கு வயலின் என்றதும் தேவாலயப் பாட்டும் மேனாட்டுச் சங்கீதமுமே முதலில் நினைவுக்கு வரும். அவ்வாத்தியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது உண்மையே. ஆயினும் அது எம்முடையதாகி இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786 – 1858) அதனை மேனாட்டு முறையிற் கற்று, எமது இராகங்களை அதில் இசைக்கத் தொடங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதிற் பெரும்புகழ் எய்தினார். அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாற் செய்த வயலின் ஒன்றை 1834இற் பரிசளித்தார் என்பது வரலாறு. நின்று தோளிற் சாய்த்து வாசிக்கும் மேனாட்டு முறையை விடுத்து, சம்மணமிட்டு அமர்ந்து, மார்புக்கும் பாதத்துக்கும் இடையே கருவியை நிறுத்தி வாசிக்கும் முறையை எம்மவர் கண்டனர். இதனால் இடக்கை தடையின்றி ஓடியது. கமகங்கள் வாய்ப்பாட்டிற் போலவே தந்தியிலும் குழைந்து பிறந்தன.

இவ்வளவு பெருமை வாய்ந்த கருவிக்குக் கச்சேரி மேடையிற் கிடைத்த இடமோ பக்க இடம். பாடகர் நடுவில் அமர்வார். வயலின்காரர் ஓரத்தில் அமர்வார். பாடகர் பாடிய வழியை நிழல்போலத் தொடர்வதும், அவர் ஆலாபனை செய்து ஓய்ந்த பின் தமக்குக் கிடைக்கும் சிறு பொழுதில் அதற்கு மறுமொழி கூறுவதுமே அவர் கடன். பக்கவாத்தியம் எளிய பணியன்று. பாடகரின் மனோதர்மத்தை முன்கூட்டி அறியமுடியாத நிலையில் அவரைப் பிரியாது தொடர்வதற்குப் பெரும் வித்துவம் வேண்டும். ஆயினும் அது பிறர் வகுத்த வழியில் நடக்கும் வித்துவம் அன்றோ? லக்ஷ்மிநாராயணரின் உள்ளத்தை உறுத்தியது இதுவே. வயலின் தனித்து நின்று ஒரு முழுக் கச்சேரியையும் தாங்கவேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு வில்லின் ஆட்சியும் விரலின் ஆட்சியும் புதிதாக அமைய வேண்டும் என அவர் உணர்ந்தார். மேனாட்டார் வில்லைக் கையாளும் திறனிற் கொள்ளத்தக்கதைக் கொண்டு, எமது இசையின் தூய்மைக்கு ஊறு நேராவண்ணம் அதனைப் பயன்படுத்தும் வழியை நாடினார்.

ஒருவர் ஆயுட்காலத்தில் முற்றுப்பெறும் வேலை அன்று அது. எனவே அவர் தம் மக்களை அவ்வேலைக்கு ஆயத்தஞ் செய்தார். துணைவியார் சீதாலக்ஷ்மி அம்மையார் வாய்ப்பாட்டிலும் வீணையிலும் வல்லவர். ஆகவே அவ்வில்லமே ஓர் இசைப்பள்ளியாயிற்று. மூத்தவர் வைத்தியநாதன் 1942இலும், சுப்பிரமணியம் 1947இலும், சங்கர் 1950இலும் பிறந்தவர்கள். முதலிற் குரல், அதன் பின்னரே கருவி என்பது அவ்வீட்டுக் கல்வியின் ஒழுங்கு. பாடத் தெரியாதவன் வயலினைப் பாடவைக்க இயலாது என்பது இதன் பொருள். இளையவராகிய சங்கர் மழலைப் பருவத்திலேயே பாடக் கற்றார். ஐந்து வயதில் வயலினைத் தொட்டார். ஏழு வயதில் ஈழத்துக் கோயிலொன்றில் அரங்கேறினார். சுப்பிரமணியமும் பாலப் பருவத்திலேயே மேடை கண்டவர். எமது கோயில்கள் வழிபாட்டிடங்களாக மட்டுமன்றி, வளரும் கலைஞனுக்கு முதல் மேடையாகவும் விளங்கின என்பதற்கு இஃதொரு சான்று. சிறுவர் வாசிப்பை அமைதியாக இருந்து கேட்ட எம் முன்னோருக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

இவ்வாறு வளர்ந்துவந்த குடும்பத்தின் வாழ்வை 1958 குலைத்தது. 1956இற் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1957இற் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, மறு ஆண்டு சித்திரையிற் கைவிடப்பட்டது. வைகாசியில் இலங்கையின் பல பாகங்களிலும் தமிழர்மீது வன்செயல் மூண்டது. அவ்வாண்டிலேயே லக்ஷ்மிநாராயணர் குடும்பத்துடன் இலங்கையை விட்டுச் சென்னை சேர்ந்தார். நாற்பத்தேழு வயதில், பேராசிரியப் பதவியைத் துறந்து, வித்துவான்கள் மலிந்த ஒரு நகரில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதை, இடம்பெயர்ந்து வாழ்ந்த எம்மவருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டையும் பொருளையும் விட்டுச் செல்லலாம். கற்பித்த வித்தை கற்றவனோடு கூடவே செல்லும். அவர் பிள்ளைகளுக்கு வைத்த முதுசொம் அதுவே.

சென்னையிற் சகோதரர் மூவரும் ஒரே மேடையில் அமர்ந்து வயலின் மூவராக வாசித்தனர். பக்கத்தில் இருந்த வயலின் நடுவுக்கு வந்தது. தந்தையின் கனவு உருப்பெறத் தொடங்கியது. இங்கு எம் பெற்றோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சுப்பிரமணியம் மருத்துவக் கல்வி பயின்று வைத்தியப் பட்டமும் பெற்றவர். பிள்ளை டாக்குத்தர் ஆவதே பிறவிப்பயன் என்று கருதும் எமது ஊரில், அப்பட்டத்தைப் பெற்ற பின்னும் வில்லையே வாழ்வாகக் கொள்ள ஒரு மகனை விட்ட தந்தையின் துணிவை என்னென்பது!

பிள்ளைகள் மூவரும் ஒரே வழியிற் செல்லவில்லை. வைத்தியநாதன் திரையிசை அமைப்பாளராகி, 'ஏழாவது மனிதன்' படத்திற்கும் 'மால்குடி டேஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கும் இசை தந்தார், 2007இற் காலமானார். சுப்பிரமணியம் மேனாட்டுச் சங்கீதத்தையும் முறையாகக் கற்று, 1985இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன், சுபின் மேத்தாவின் நெறியாள்கையில், தாம் இயற்றிய இசையை வழங்கினார். இந்திய அரசு 2025இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவித்தது. சங்கர் 1969இல் அமெரிக்கா சென்று, பின்னர் 'சக்தி' என்னும் குழுவில் ஜோன் மெக்லாக்லின், சாகீர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் இணைந்தார். பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலின் ஒன்றையும் அமைத்தார். ஓரத்தில் அமர்ந்திருந்த கருவியை ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு தூரம் கொண்டுசென்ற குடும்பம் வேறு எது?

தம் நிறைவேறாத ஆசையைப் பிள்ளைகள் தலையிற் சுமத்துவது தகுமா என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆசையை மட்டும் சுமத்தும் தந்தை பிள்ளைக்குப் பாரமாவான். தன் நேரத்தையும் உழைப்பையும் அதனோடு சேர்த்துத் தரும் தந்தை குருவாவான். லக்ஷ்மிநாராயணர் இரண்டாம் வகையினர். ஒரே பயிற்சி பெற்ற மூவரும் மூன்று வழியிற் சென்று சிறந்தனர் என்பதே, அவர் அவர்களைத் தம் அச்சில் வார்க்கவில்லை என்பதற்குப் போதிய சான்று. தந்தை மறைந்த பின், 1992இல், சுப்பிரமணியம் அவர் பெயரால் உலக இசை விழா ஒன்றைத் தொடக்கினார். வற்புறுத்தலாற் கற்ற மகன் இவ்வாறு நன்றி செலுத்துவானோ?

அப்பெரியார் சென்ற பின்னும் யாழ்ப்பாணத்தில் இசை அவிந்துவிடவில்லை. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் அதன் அதிபராய் இருந்து கற்பித்தனர். பிற்காலத்தில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றும் நிலவுகின்றது. எனினும், 1958இன் பின்னர் அக்குடும்பம் இங்கிருந்தே வளர்ந்திருப்பின், அவர்களோடு அமர்ந்து கற்றிருக்கக்கூடிய எம்மூர்ப் பிள்ளைகள் எத்தனைபேர் என்று எண்ணும்போது, அவ்வாண்டின் இழப்பு உயிருக்கும் உடைமைக்கும் மட்டுமன்று என்பது புலனாகின்றது.

இன்றும் எமது ஊர்களில் வயலின் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் உளர். குறைந்த வேதனத்திற்கு மாலைதோறும் சிறுவருக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் அவர்களிடம் பயிலும் பிள்ளைகளுக்கு, எம் கோயிற் றிருவிழாக்களில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் அரைமணியையேனும் ஒதுக்குவோமாக. சங்கத்து இளைஞர் அப்பிள்ளைகளின் முன்வரிசையில் அமர்ந்து கேட்போமாக. லக்ஷ்மிநாராயணரின் நினைவுக்கு யாழ்ப்பாணம் செலுத்தத்தக்க கடன் அதுவே ஆகும்.