மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

கம்பநாட்டாழ்வாரின் இராமகாதை அரங்கேறிய இடம் என்று ஆன்றோர் வழிவழியாகக் கூறிவரும் மண்டபம், திருவரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் விளங்குகின்றது. அந்தக் காவியத்தை விலை கொடுத்து வாங்க வகையின்றித் தம் கையாலேயே ஏட்டில் பெயர்த்தெழுதிக் கற்ற ஓர் ஏழைப் பிள்ளை, பிற்காலத்தில் தமிழ்நாடு போற்றும் மகாவித்துவானாக உயர்ந்தார். அவர் நமது திருச்சிராப்பள்ளிச் சீமையிலே தோன்றிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையாவார். அவர் சைவர், எனினும் கல்விக்குச் சமய வரம்பில்லை என்பதைத் தம் வாழ்வினாலேயே காட்டியவராதலின், அவர் சரிதம் நாம் அனைவரும் அறியத்தக்கது.

அவருடைய தந்தையார் சிதம்பரம் பிள்ளை மதுரைத் திருக்கோயிலில் பணி செய்திருந்து, பின் அவ்வேலையை விட்டு, திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த சிற்றூர்களில் திண்ணைப் பள்ளி நடத்தி வந்தார். எண்ணெயூரில் அவர் வாழ்ந்த காலத்தில், 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி இவர் பிறந்தார். அதவத்தூரிலும் சோமரசம்பேட்டையிலும் இவரது இளமை கழிந்தது. தந்தையாரே முதல் ஆசிரியர். இவருக்குப் பதினைந்து வயது ஆகும்போது அவரும் காலமானார். கையில் பொருளில்லை, கற்பிப்பாரும் இல்லை, கற்க வேண்டும் என்ற வேட்கை ஒன்றே எஞ்சியிருந்தது.

திருச்சிராப்பள்ளிக்கு வந்து குடியேறிய பிள்ளையவர்கள், எவரிடம் எந்நூல் உண்டோ அவரிடம் சென்று அந்நூலைக் கற்றார். வீடுதோறும் பிச்சை ஏற்று வாழ்ந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டார். அவர் செல்லும் தெருவெல்லாம் பின்தொடர்ந்து, வேண்டிய பணிவிடைகளைச் செய்து, அவ்வணியிலக்கணத்தைப் பாடம் கேட்டுக்கொண்டார். ஞானம் உடையவரிடத்தில் பிறப்பும் தோற்றமும் நோக்காது பணிந்து பெறுவதே கல்வி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்ஙனம் துளித்துளியாகச் சேர்ந்த கல்வி பெருவெள்ளமாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும், பிள்ளைத்தமிழ், அந்தாதி, கோவை முதலிய எண்ணற்ற பிரபந்தங்களையும் அவர் இயற்றினார். ஏடும் எழுத்தாணியும் பிறர் கையிலிருக்க, அவர் வாயினாற் பாடல்களைச் சொல்லிக்கொண்டே செல்வார். எழுதுவோர் கைதான் ஓயும். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

ஆயினும் அவர் பெருமை பாடல்களின் தொகையில் மட்டும் அடங்குவதன்று. தாம் அரிதில் பெற்ற கல்வியை ஒருவரிடமும் ஒரு காசும் பெறாமல் வாரி வழங்கினார். மாணவர் பலருக்குத் தம் வீட்டிலேயே உணவும் அளித்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த கிறிஸ்தவராகிய வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். மாயூரத்தில் வாழ்ந்த காலத்தில், 1871ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பிராமணப் பிள்ளை ஒருவர் அவரை அடைந்தார். அவரே பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று புகழப்பெற்ற உ. வே. சாமிநாதையர்.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. வந்த பொருளும் மாணவர் உணவிலும் குடும்பச் செலவிலும் கரைந்தது. மகனது திருமணத்தால் நேர்ந்த கடன் முதுமையில் அவரை வருத்தியது. அந்நிலையிலும் பாடம் சொல்வதை அவர் நிறுத்தினாரில்லை. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொள்ள, சாமிநாதையர் திருவாசகம் படிக்க, அவரது உயிர் பிரிந்தது.

அவர் விட்டுச் சென்ற செல்வம் எது? வீடன்று, நிலமன்று. அவரிடம் தமிழ் கற்ற சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். தொடர்ந்து செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்கள் பலவற்றை மீட்டார். ஆசிரியரின் வரலாற்றையும் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியர் இட்ட வித்து மாணாக்கரிடத்தில் விளைந்தது.

வையம்பட்டியைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் நூல் வாங்க வசதியற்ற பிள்ளைகள் இன்றும் உளர். வறுமை கல்விக்குத் தடையாகும். ஆனால் வேட்கை உடையவனை அது முற்றும் தடுத்துவிடாது. வசதி படைத்தோர் இத்திருவிழாக் காலத்தில் ஓர் ஏழை மாணவனுக்கேனும் நூல் வாங்கித் தருவார்களாயின், அதுவும் எம்பெருமான் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யமேயாகும்.