முகமூடியும் நாட்குறிப்பும்: மிஷேல் லேரிஸ்

அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் நிற்கும் ஆப்பிரிக்க நடன முகமூடிகளின் கீழே இனத்தின் பெயர் இருக்கும், ஊரின் பெயர் இருக்கும், சில வேளைகளில் ஆண்டும் இருக்கும். அம்முகமூடி யாருடைய கையிலிருந்து, எந்த வழியில் பெறப்பட்டது என்னும் செய்தி பெரும்பாலும் இராது. கவர்ந்து வந்தவர் அதனை எழுதி வைப்பதில்லை. இழந்தவரின் சொல் அவ்வளவு தூரம் வந்து சேர்வதுமில்லை. இந்தப் பொதுநிலைக்கு விலக்காக, தாம் உடனிருந்து செய்த பறிப்பை நாளும் ஊரும் கொடுத்த தொகையும் உட்பட எழுதி அச்சிலும் ஏற்றியவர் ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சுக் கவிஞர் மிஷேல் லேரிஸ்.

லேரிஸ் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பாரிசில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். எழுத்தாளர் ரேமோன் ரூசேலின் செல்வத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அவருடைய தந்தையிடம் இருந்தது. ஆப்பிரிக்காவை முழுக்க முழுக்கக் கற்பனையிலேயே படைத்து ரூசேல் எழுதிய 'ஆப்பிரிக்கப் பதிவுகள்' 1912இல் நாடகமாக மேடையேறியபோது, பதினோரு வயதுச் சிறுவனாகிய லேரிஸ் அதனைக் கண்டார். அவர் கண்ட முதல் ஆப்பிரிக்கா அரங்கத்தில் ஒப்பனையோடு நின்ற ஆப்பிரிக்காவே. பின்னாளில் அவர் கப்பலேறிய பயணத்திற்கு அதே ரூசேல் பொருளுதவி செய்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய பாரிசில் ஜாஸ் இசையின் மயக்கத்தில் வளர்ந்த அந்த இளைஞர் 1924இல் சர்ரியலிசக் குழுவில் சேர்ந்தார். சொற்களை ஒலி ஒலியாகப் பிரித்து, அவ்வொலிகளிலிருந்தே புதுப்பொருள் காணும் சிலேடை அகராதி ஒன்றை அவர் அக்காலத்தில் எழுதத் தொடங்கினார். சொல்லைப் பிரித்தால் உள்ளே மறைபொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவரை இறுதிவரை விட்டகலவில்லை. 1926இல் லூயிஸ் கோதோனை மணந்தார். 1929இல் ஆந்த்ரே பிரெத்தோனின் குழுவிலிருந்து விலகி, ஜார்ஜ் பத்தாய் நடத்திய 'தொக்யுமான்' இதழில் பணியாற்றினார். ஓவியம், தொல்பொருள், இனவரைவியல் ஆகியன ஒரே இதழில் அருகருகே இடம்பெற்ற அவ்விடத்தில்தான் இனவரைவியலாளர் மார்செல் கிரியோலின் தொடர்பு அவருக்கு வாய்த்தது. கவிதை வற்றிவிட்டதென்னும் அச்சமும் மனச்சோர்வும் அவரை உளப்பகுப்பு மருத்துவரிடம் கொண்டு சேர்த்திருந்த காலம் அது. எனவே கிரியோல் தம் பயணக்குழுவின் செயலாளராகவும் ஆவணக் காப்பாளராகவும் வருமாறு அழைத்தபோது, லேரிஸ் அதனை ஒரு மீட்சியாகவே கருதினார்.

டக்கார்-ஜிபூட்டிப் பயணக்குழு எனப்படும் அக்குழு, பிரெஞ்சு நாடாளுமன்றம் 1931 மார்ச்சில் இயற்றிய தனிச்சட்டத்தின் வழி நிதி பெற்றது. உலக வாகையரான குத்துச்சண்டை வீரர் அல் பிரவுன் பங்கேற்ற ஒரு போட்டியின் வருவாயும் அதற்குச் சேர்ந்தது. கறுப்பின வீரர் ஒருவரின் உழைப்பு ஆப்பிரிக்கப் பொருள்களைத் திரட்டப் பயன்பட்ட இந்த முரண் வரலாற்றில் அதிகம் பேசப்படுவதில்லை. மே மாதம் போர்தோவில் கப்பலேறிய குழு, அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் முகப்பு வரை கண்டத்தைக் குறுக்காகக் கடந்து 1933 பிப்ரவரியில் திரும்பியது. அது கொண்டுவந்த பொருள்கள் மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. பல விலைக்கு வாங்கப்பட்டவை. ஆனால் வெள்ளையர் ஆட்சிக்கு உட்பட்ட ஓர் ஊரில் வெள்ளையர் கேட்கும் பொருளுக்கு விலை என்பது எத்தகையது என்பதை லேரிசின் நாட்குறிப்பே காட்டுகிறது.

1931 செப்டம்பர் 6ஆம் நாள், இன்றைய மாலி நாட்டின் கேமேனி என்னும் ஊர். பம்பரா மக்களின் 'கோனோ' என்னும் மறைசங்கத்திற்குரிய குடிலைக் குழுவினர் கண்டனர். பலியிட்ட குருதி உறைந்து படிந்த புனிதப் பொருள்கள் அதனுள் இருந்தன. பார்க்க விரும்பினால் முதலில் பலியிட வேண்டும் என்று ஊரார் கூறினர், நேரம் நீண்டது. பொறுமையிழந்த கிரியோல், பத்து பிராங்கிற்குக் கோனோவைத் தரவேண்டுமென்றும், மறுத்தால் வண்டிக்குள் மறைந்திருக்கும் காவலர் ஊர்த்தலைவரைப் பிடித்துச் செல்வர் என்றும் அச்சுறுத்தினார். வண்டிக்குள் காவலர் எவரும் இல்லை. ஊரார் ஒருவரும் அப்பொருளைத் தொட்டுத் தர முன்வராததால் குழுவினரே உள்ளே சென்று எடுத்து வந்தனர்.

மறுநாள் தியாபுகூ என்னும் ஊர். இம்முறை லேரிசும் எரிக் லுட்டன் என்னும் தோழரும் உள்ளே நுழைந்தனர். இறகுகள் செறிந்த நடன உடையோடு இணைந்திருந்த முகமூடியை லுட்டன் வேட்டைக்கத்தியால் அறுத்தெடுத்துக் கொடுக்க, லேரிஸ் அதனைத் துணியில் சுற்றினார். பன்றிக்குட்டி வடிவில் குருதி இறுகிய கனத்த பொருள் ஒன்றையும் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது நெஞ்சு படபடத்ததையும், செய்கின்ற செயலின் கொடுமை முன்னாளைவிடத் தெளிவாகத் தமக்குப் புலப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. புறப்படும் வேளையில் ஊர்த்தலைவர் தமக்குத் தரப்பட்டிருந்த இருபது பிராங்கைத் திருப்பித் தர முற்பட்டார். அத்தொகையை அவரிடமே விட்டுவிட்டு அவர்கள் வண்டியேறினர். நாட்குறிப்பு முழுவதிலும் இதைவிடக் கசப்பான காட்சி வேறில்லை எனலாம்.

நெஞ்சு படபடத்தும் கை நின்றுவிடவில்லை. இதனை மழுப்புவது லேரிசுக்கே செய்யும் அநீதியாகும். அடுத்தடுத்த ஊர்களிலும் அவர் குழுவோடிருந்தார்; பொருள்கள் தொடர்ந்து சேர்ந்தன.

அம்மாத இறுதியில் குழு தோகோன் மக்களின் சங்கா ஊரை அடைந்தது. பாந்தியகரா மலைச்சரிவில் வாழும் இம்மக்களின் துக்கச் சடங்குகளில் முகமூடியர் ஆடுவர். இறந்தோரின் ஆவியை ஊரிலிருந்து முன்னோரிடம் அனுப்பி வைக்கும் ஆட்டம் அது. இரட்டைக் குறுக்குச் சட்டம் கொண்ட கனகா முகமூடியை அணிந்தவர், அதன் உச்சி மண்ணைத் தொடுமாறு உடலை வளைத்துச் சுழற்றுவார். சிரிகே முகமூடியோ பல அடி உயரம் வளர்ந்த ஒரே மரப்பலகை. அதனைத் தலையில் தாங்கி ஆடுவதற்குக் கழுத்து வலிமை மட்டும் போதாது. செஞ்சாயம் ஏற்றிய நார் ஆடை, சோழி பதித்த துணி, பறையொலி, முகமூடியரை நோக்கிச் சொல்லப்படும் வாழ்த்துரை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முகமூடி. மரத்தாலான முகம் அதன் ஒரு பகுதிதான்; பயன்பாடு முடிந்தபின் அது குகையில் கிடந்து கரையானுக்கு இரையாவதும் உண்டு. பழைமையையே விலையாக எண்ணும் சேகரிப்பாளருக்கு இது விளங்குவதரிது. நடனத்தில் பயன்பட்டதா, உட்புறம் நெற்றிபட்டு மெருகேறியதா என்று சந்தையினர் துருவிப் பார்ப்பர். புதிய மரத்தைப் புகையிலும் எண்ணெயிலும் இட்டு அம்மெருகைப் போலியாக ஏற்றுவோரும் உளர்.

சங்காவில் லேரிசின் கவனம் சொல்லின் மேல் சென்றது. முகமூடிச் சங்கத்தார் மட்டுமே பயிலும் சிகி என்னும் மறைமொழியை அவர் முதியவர் ஒருவரிடம் கேட்டெழுதினார். முதியவர் எளிதில் சொல்லிவிடவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டு துண்டாகவே சொன்னார். தகவலைக் கறந்தெடுக்கும் விசாரணை அதிகாரியின் நிலைக்குத் தாமும் வந்துவிட்டதாக லேரிஸ் வருந்தினார். அவ்வுழைப்பின் பயனாகிய ஆய்வுநூல் 1948இல் வெளியாயிற்று. முகமூடியை எடுத்தால் ஊரில் அது இல்லாமற் போகும். சொல்லை எழுதிக்கொண்டாலோ சொன்னவரிடமும் அது இருக்கும். கவிஞர் பொருளை விட்டுச் சொல்லின் பக்கம் நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

எத்தியோப்பியாவின் கொண்டார் நகரில் ஆவியேறும் சடங்குகளை மாதக்கணக்கில் கண்டு எழுதியது தனிக்கதை. ஆவியேறியவர் நடிக்கிறாரா, மெய்யாகவே மாறிவிடுகிறாரா என்ற வினா அவரை ஆண்டுகள் பல தொடர்ந்தது. 1958இல் அது தனி நூலாயிற்று. முகமூடி அணிந்தவரைப் பற்றிய வினாவும் அதுவே அன்றோ.

நாள்தோறும் எழுதப்பட்ட குறிப்புகள் திருத்தமின்றி 1934இல் 'மாயையான ஆப்பிரிக்கா' என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்தன. கிரியோல் கடுஞ்சினம் கொண்டார். இருவரின் நட்பு முறிந்தது. குழுவின் மதிப்பும் இனி வரும் ஆய்வாளரின் பணியும் கெடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். தங்கள் பொருள்கள் பறிபோன ஊரார் அந்நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதை அவர்களுள் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1941இல் விஷி அரசு நூலைத் தடைசெய்தது.

லேரிஸ் அப்பொருள்களை விட்டு விலகிச் செல்லவில்லை. அவை வைக்கப்பட்ட மனித அருங்காட்சியகத்திலேயே பல்லாண்டுகள் ஆப்பிரிக்கப் பிரிவில் பணிபுரிந்தார். 1945இல் ஐவரி கோஸ்டில் தொழிலாளர் நிலையை நேரிற்கண்டது அவரது அரசியலை மாற்றியது. 1950இல் நிகழ்த்திய உரையில், இனவரைவியல் குடியேற்ற ஆட்சியின் நிழலில் வளர்ந்தது என்பதையும், ஆய்வாளர் தாம் ஆராயும் மக்களின் பக்கம் நிற்கவேண்டும் என்பதையும் தம் துறையினர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். எமே செசேரின் நண்பரானார். அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960இல் 121 பேர் விடுத்த அறிக்கையில் கையொப்பமிட்டார். 1967இல் ஜாக்லின் தெலாஞ்சுடன் இணைந்து கறுப்பு ஆப்பிரிக்காவின் சிற்பக்கலை பற்றிப் பெருநூல் எழுதினார். தம்மையே கூறுபோட்டு ஆராயும் நான்கு தொகுதித் தன்வரலாறு 1948 முதல் 1976 வரை வெளிவந்தது. 1990 செப்டம்பர் 30ஆம் நாள் காலமானார்.

அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கத் தொகுப்பு, 2006இல் திறக்கப்பட்ட கே பிரான்லி அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டது. அங்கே 2025இல் நடைபெற்ற கண்காட்சிக்காக மாலி, செனகல், எத்தியோப்பியா முதலிய நாடுகளின் ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் குழு சென்ற வழியில் மீண்டும் பயணம் செய்தனர். எந்தப் பொருள் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று அவ்வூர்களின் மக்களையே கேட்டனர். அப்பயணத்தில் அவர்களுக்கு வழிகாட்டிய ஆவணங்களுள் லேரிசின் நாட்குறிப்பும் ஒன்று.