பலூன் விற்றவரும் உங்க பின் டயரும்

ஊட்டியில் இருந்து கூடலூர் ரோட்டில் பைக்காரா வரைக்கும் பைக்கில் போயிருக்கீங்களா? சுமார் 20 கிலோமீட்டர்தான். போன வருஷம் நாங்க நாலு பேர் போனோம். பைக்காரா நெருங்கும்போது தூறல். ஒரு வளைவில் பிரேக்கை லேசாத்தான் தொட்டேன், பின் சக்கரம் பக்கவாட்டில் இழுத்துடுச்சு. எதிரில் பஸ் வராததால் முழங்கைச் சிராய்ப்போடு போச்சு. எழுந்து பார்த்தா, பின் டயர் நடுவில் பட்டனே இல்லை.

நாம கண்டுக்காம விடுற அந்த ரப்பரை நம்பித்தான் ஒருத்தர் தன் தொழிலையே கட்டினார். அவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. எம்.ஆர்.எஃப்-ஐ ஆரம்பித்தவர்.

1922-ல் கேரளத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குப் பத்திரிகை, வங்கி இரண்டும் இருந்தன. 1938-ல் திருவிதாங்கூர் அரசோடு ஏற்பட்ட மோதலில் இரண்டுமே மூடப்பட்டன, அப்பா சிறைக்குப் போனார். அப்போ மாம்மனுக்கு 16 வயசுகூட ஆகலை. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். விடுதியில் தரையில் படுத்துத் தூங்கின நாட்களும் உண்டு. ஹாஸ்டல்ல கட்டில் சரியில்லைன்னு புலம்புறவங்க கொஞ்சம் யோசிங்க!

1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன கொட்டகை. அதில் பொம்மை பலூன் தயாரித்து, பையில் போட்டுக்கிட்டு சென்னைத் தெருக்களில் அவரே விற்றார். எம்.ஆர்.எஃப் என்ற பெயரின் விரிவு மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. அது இப்படித்தான் தொடங்கியது.

திருப்பம் ரீட்ரேடிங்கில் வந்தது. லாரி டயரில் முதலில் தேயுறது மேல் ரப்பர் மட்டும்தான். உள்ளே இருக்கிற நூல் அடுக்குகள் நல்லா இருந்தா, மேலே புது ரப்பர் வைத்து, சூடேற்றி ஒட்ட வைத்து, மறுபடி ஓட்டலாம். அந்த ட்ரெட் ரப்பரை வெளிநாட்டு கம்பெனி விற்றுக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். நாமே செய்யலாமேன்னு 1952-ல் இறங்கினார். 1956-க்குள் இந்தியச் சந்தையில் பாதி அவர் கையில். 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து முழு டயரே தயாரிக்கத் தொடங்கினார். 1967-ல் அந்த அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி ஆனது. 1992-ல் பத்மஸ்ரீ. 2003 மார்ச்சில் சென்னையில் காலமானார்.

இதில் நமக்கு என்ன? தேய்மானம் டயருக்கு இயல்பு. எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். லாரிக்கு ரீட்ரேடிங் சரி. பைக்குக்கு வேண்டாம். வளைவில் சாய்ந்து போகும்போது ஒட்டின ரப்பர் உரிந்தா, தாங்குறதுக்கு வேற சக்கரம் கிடையாது.

அதனால் இன்னைக்கே வண்டியை நிறுத்திட்டு மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து இருக்கும். அதற்கு நேராக, பள்ளத்துக்குள்ளே ஒரு சின்ன மேடு தெரியும். பைக் டயரில் அதன் உயரம் 0.8 மில்லிமீட்டர் அளவு. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமா தேஞ்சுட்டா டயர் மாத்தியே ஆகணும். பள்ளம் இல்லைன்னா மழைத்தண்ணி வெளியேற வழியில்லை, டயர் ரோட்டைத் தொடாது, தண்ணி மேலதான் ஓடும்.

ரெண்டு, நடுப்பகுதியைப் பாருங்க. எஞ்சின் இழுவை பின் டயரில்தான் விழுது, நேர் ரோட்டில் அதன் நடுப்பகுதி மட்டும்தான் தேயும். ஓரத்தில் பட்டன் இருக்கேன்னு நான் ஏமாந்தது அங்கேதான்.

மூணு, நாலு இலக்க எண். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பழைய ரப்பர் இறுகிடும், பிடிப்பு குறையும். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தா, பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்திடுங்க.

அடுத்த செமஸ்டர் லீவில் பைக்காரா போறீங்கன்னா, பெட்ரோல் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு டயரைப் பாருங்க. மூஞ்சில மஞ்சு அடிக்க நிம்மதியா போயிட்டு வாங்க!