வானூர்தி ஆசான் ஸ்மித்-பாரி

கற்பித்தல் எளிய தொழிலன்று. தான் ஒரு கலையில் வல்லவனாதல் வேறு. அவ்வன்மையைப் பிறனொருவனிடத்தே தோற்றுவித்தல் வேறு. இவ்வேற்றுமையை நன்குணர்ந்தே பவணந்தி முனிவர் தம் நன்னூலின் முகப்பில் ஆசிரியனது இலக்கணத்தை விரித்துரைத்தார். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பனவற்றை உவமை கூறியதோடு அமையாது, ஆசிரியராகத் தகாதார்க்குக் கழற்காய் பெய்த குடம், மடல் செறிந்த பனை, பருத்திக் குண்டிகை, வளைந்த தென்னை என்பனவற்றையும் எடுத்துக்காட்டினார். ஏட்டுக் கல்வியில் தகுதியற்ற ஆசிரியன் வாய்ப்பின் மாணாக்கன் தன் காலத்தை இழப்பான். ஆகாய விமானம் ஓட்டக் கற்பிப்போன் தகுதியற்றவனாயின் மாணாக்கன் தன் உயிரையே இழப்பான். இவ்வுண்மையைக் களத்தில் கண்டு வருந்தி, விமானப் பயிற்சிக்கு முறையானதோர் இலக்கணம் வகுத்த இராபர்ட் ஸ்மித்-பாரி என்பாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவர் 1886-ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தொடர்புடைய செல்வக் குடியொன்றிற் பிறந்தார். ஈட்டன் கல்விச்சாலையிற் பயின்றார். ரைட் சகோதரர் முதன்முதல் விமானத்தில் எழும்பிய 1903-ஆம் ஆண்டில் இவர் பதினேழு அகவை இளைஞர். அப்புதுக் கலையில் வேட்கை மிக்கு, 1911-இல் விமானம் ஓட்டக் கற்றார். 1912-இல் இங்கிலாந்தின் அப்பாவன் என்னுமிடத்தில் மத்திய விமானப் பள்ளி தொடங்கப்பெற்றபொழுது, அதன் முதல் வகுப்பிற் பயின்றாருள் இவரும் ஒருவர்.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் உலகப் பெரும் போர் மூண்டது. ஸ்மித்-பாரி படையுடன் பிரான்சு நாட்டிற்குப் புறப்பட்டார். அம்மாதம் 18-ஆம் நாள் பெரோன் என்னும் ஊரருகே இவரது விமானம் வீழ்ந்து நொறுங்கிற்று. உடன் சென்ற வீரர் மாண்டார். இவருக்கு இரு கால்களும் முறிந்தன. உயிர் பிழைத்தாரேனும், அன்று நேர்ந்த ஊனம் இவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. வேறொருவராயின் அத்துடன் வானத்தை வெறுத்திருப்பர். இவரோ கால் ஓரளவு தேறியதும் மீண்டும் விமானத்தில் ஏறினார்.

1916-ஆம் ஆண்டின் கோடையில் சோம் ஆற்றங்கரையில் கடும் போர் நிகழ்ந்தது. ஸ்மித்-பாரி சேர்ந்திருந்த 60-ஆம் விமானப் படைப்பிரிவின் தலைவர் ஜூலைத் திங்களில் வீழ்ந்துபட, அப்பொறுப்பு இவரிடம் வந்தது. இழப்பினை ஈடுசெய்ய இங்கிலாந்தினின்றும் புதிய இளைஞர் பலர் அனுப்பப்பெற்றனர். அவர்களைக் கண்டதும் தலைவரின் உள்ளம் திடுக்குற்றது. தரையினின்று ஏறவும் மீண்டும் இறங்கவும் மட்டுமே அவ்விளைஞர் ஒருவாறு கற்றிருந்தனர். காற்றுக் குறுக்கே வீசின் யாது செய்வது, விமானம் நிலைதடுமாறின் எங்ஙனம் மீட்பது என்பனவற்றை அவர்க்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திலர். அவரைப் பகைவர்முன் விடுத்தல் கொலையோடொக்கும் என்று ஸ்மித்-பாரி கருதினார்.

குறை இளைஞரிடத்தில் இல்லை, அவரைப் பயிற்றிய முறையிலேயே உளது என்பதை இவர் தெளிந்தார். அக்காலத்தில் பயிற்சியாசிரியராக அமர்ந்தோர் பலர் போர்க்களத்தில் உடலும் உள்ளமும் நைந்து ஓய்வின்பொருட்டு அனுப்பப்பெற்றவராவர். கற்பிக்கும் விருப்பம் அவர்க்கு இல்லை. மாணாக்கரின் கைத்தவற்றினால் தாம் மடிவோமோ என்ற அச்சமே மிகுதியாக இருந்தது. ஆதலின் விமானத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, மாணாக்கனை வெறும் பிரயாணியாக இருத்திப் பறந்தனர். இவற்றையெல்லாம் விளக்கி, பிரான்சில் விமானப் படைக்குத் தலைமை பூண்டிருந்த திரெஞ்சார்டு என்பார்க்கு ஸ்மித்-பாரி பன்முறை எழுதினார். தலைவர்மீது குறை கூறுவோரை ஒறுத்தல் படைக்கு இயல்பு. திரெஞ்சார்டோ குறை கூறியவரையே அதனை நீக்குமாறு ஏவினார். 1916-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள காஸ்போர்ட் என்னும் இடத்துப் பயிற்சிப் படைப்பிரிவு இவர்பால் ஒப்புவிக்கப்பெற்றது.

அங்கு இவர் செய்த முதல் மாற்றம் இருக்கையைப் பற்றியது. மாணாக்கன் முதல் நாள் தொட்டே விமானி அமரும் இடத்தில் அமர்ந்தான். ஆசிரியர் மற்றோர் இருக்கைக்கு மாறினார். இருவர் கையிலும் இயக்கும் கருவிகள் அமைந்த ஆவ்ரோ 504 என்னும் விமானம் இதற்கெனத் தேர்ந்துகொள்ளப்பெற்றது.

இரண்டாவது மாற்றம் இதனினும் பெரிது. அபாயத்தை மாணாக்கனிடமிருந்து மறைத்து வைத்தல் அதுகாறும் வழக்கம். ஸ்மித்-பாரி அபாயத்தினுள் அவனை அழைத்துச் சென்று, வெளியேறும் வழியையும் காட்டுமாறு பணித்தார். சான்றாகச் சுழல் வீழ்ச்சியைக் கூறலாம். விமானத்தின் வேகம் மிகக் குறையின் ஓர் இறக்கை மற்றதற்குமுன் தாங்கும் ஆற்றலை இழக்கும். உடனே மூக்குக் கவிழ்ந்து விமானம் பம்பரம்போற் சுழன்று வீழும். அஞ்சியவன் மூக்கை உயர்த்த எண்ணி இயக்குதண்டைத் தன்பால் இழுப்பான். அவ்வாறு இழுப்பதே அவனுக்குக் கேடாய் முடியும். சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானை மிதித்துத் தண்டை முன்னே தள்ளுதலே மீளும் வழி. இயற்கையான அச்சத்திற்கு மாறான இச்செயலை நூலிற் படித்துப் பயனில்லை. ஆசிரியன் அருகிருக்க, போதிய உயரத்தில், பன்முறை செய்து பழகல் வேண்டும்.

எம் ஊராகிய அடி அண்ணாமலையிலுள்ளார் இதனை எளிதில் உணர்வர். கிழக்கே திருவண்ணாமலைத் தேரடி வீதியினின்று மட்டும் மலையைப் பார்த்தவர், அதன் உருவம் இன்னதென்று துணிந்துவிடுவர். 14 கிலோமீட்டர்த் தொலைவுள்ள கிரிவலப் பாதையில் நடந்து எம் ஊரை அடைந்தாலோ, அதே மலை வேறொரு வடிவத்தில் நிற்கும். விமானத்தை அமைதியான வானத்தில் மட்டும் ஓட்டியறிந்தவன் அதன் ஒரு பக்கத்தையே கண்டவனாவான்.

பேரிரைச்சல் செய்யும் பொறியின் அருகே ஆசிரியரின் சொல் எங்ஙனம் கேட்கும்? இதற்கென ஆசிரியரின் வாயினின்று மாணாக்கனின் காதுவரை செல்லும் இரப்பர்க் குழாயொன்று காஸ்போர்டில் வழக்கிற்கு வந்தது. அதனால் வானத்திலேயே, பிழை நிகழும் கணத்திலேயே, திருத்தம் கூறுதல் இயன்றது. அக்குழாய் பல்லாண்டுகள் காஸ்போர்ட்டின் பெயராலேயே வழங்கிற்று.

ஆயினும் கருவியினும் ஆளே முதன்மை என்பதை ஸ்மித்-பாரி மறந்திலர். 1917-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவரது நிலையம் ஆசிரியர்க்கே கற்பிக்கும் தனிப் பள்ளியாயிற்று. அங்குப் பயில்வோர் முதற்கண் தம் கைத்திறனை ஐயமறப் பெருக்கிக்கொள்ளல் வேண்டும்; தன்னம்பிக்கையற்ற ஆசிரியன் அச்சத்தையே கற்பிப்பான். தாம் செய்வது ஒவ்வொன்றின் காரணத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். கை செய்வதையும் வாய் சொல்வதையும் ஒருங்கே நிகழ்த்தல் வேண்டும். மாணாக்கனின் இயல்பறிந்து, துணிவு மிக்கானை அடக்கியும் அஞ்சுவானை ஊக்கியும் நடத்தல் வேண்டும். எல்லாவற்றினும் அரியது, மாணாக்கன் பிழை செய்யும்பொழுது தன் கையைக் கட்டுப்படுத்தியிருத்தல். உடனே குறுக்கிட்டால் அவன் கற்கமாட்டான். காலம் தாழ்த்தால் இருவரும் மாள்வர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நொடிகளை அளந்தறிவதற்குத் துலாக்கோலின் நடுநிலையும் மலையின் அசையாமையும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

காஸ்போர்டிற் பயின்ற ஆசிரியர் பிற நிலையங்களுக்குச் சென்றனர். 1918-இல் அம்முறை பிரிட்டிஷ் விமானப் படை முழுதும் பரவி, கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளிலும் கைக்கொள்ளப்பெற்றது. நம் நாட்டிலும் அதன் வழிவந்த மரபு வேரூன்றிற்று. இந்திய விமானப் படை, ஆசிரியரைப் பயிற்றும் பள்ளியொன்றை 1948-இல் அம்பாலாவில் நிறுவிற்று. 1954-இல் அது சென்னையை அடுத்த தாம்பரத்திற்கு மாற்றப்பெற்றது. கற்பிக்கக் கற்றல் தனியொரு கல்வி என்று ஸ்மித்-பாரி கண்ட கொள்கை இங்ஙனம் நம் தமிழகத்திலும் நிலைபெற்றது.

ஸ்மித்-பாரி 1949-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் காலமானார். பகை விமானங்களை வீழ்த்தியோரின் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் புகழத்தக்க எண் ஒன்றும் கிட்டாது. பிழைத்து வீடு திரும்பியோரை எண்ணிப் பட்டியல் எழுதும் வழக்கம் உலகில் இல்லை. இருந்திருப்பின், முறிந்த கால்களோடு நடந்த இவ்வாசிரியரின் பெயர் அதில் முன்னணியில் நின்றிருக்கும்.