ஃப்ராய்டை ஆங்கிலேயராக்கிய ஓவியம்: ஏஐ-யின் ஒளிந்திருக்கும் சார்பும் கல்கத்தா டாக்டர் போஸும்

மகர்பட்டா சைபர்சிட்டியில வேலை பார்க்கிறீங்களா? ரெஸ்யூமே வடிகட்டுற ஏஐ ஒன்றை டெஸ்ட் பண்ற வேலை உங்க டீமுக்கு எப்ப வேணா வரலாம். அதுக்கு முன்னாடி கிரீந்திரசேகர் போஸைத் தெரிஞ்சுக்குங்க.

1887-ல் தர்பங்காவில் பிறந்தவர். மருத்துவர். மனம் தனக்குப் பிடிக்காத ஆசைகளை எப்படி அமுக்கி வைக்கிறது என்பதை ஆராய்ந்து 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த நூலை வியன்னாவில் இருந்த ஃப்ராய்டுக்கு அனுப்பினார். பதிலும் வந்தது. 1922-ல் பார்சிபாகன் சந்தில் இருந்த தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சம்பவம் இதுதான்: ஃப்ராய்டின் முகம் தெரியாமலேயே ஜதீந்திர குமார் சென் என்ற ஓவியர் அவரைக் கற்பனையாக வரைந்தார். போஸ் அதையும் வியன்னாவுக்கு அனுப்பினார். படத்தில் இருந்தவர் அசல் ஆங்கிலேயர்! ஃப்ராய்டே இதைத் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கிண்டலாகக் குறிப்பிட்டார். கல்கத்தாவில் ஓர் ஓவியர் வேற எந்த ஐரோப்பிய முகத்தைப் பார்த்திருப்பார்? இமேஜ் ஜெனரேட்டர் செய்றதும் கிட்டத்தட்ட இதேதான்.

ஃப்ராய்டின் கோட்பாட்டுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்டது இந்திய நோயாளிகளிடம் அதே அளவில் தெரியவில்லை என்று போஸ் 1929-ல் அவருக்கே எழுதினார். குரு சொல்லிட்டார்னு விட்டுடலை.

பெண்களைக் குறிக்கும் சொல் இருந்த ரெஸ்யூமேக்களை அமேசானின் சோதனைக் கருவி ஒன்று கீழே தள்ளியது 2018-ல் செய்தியானது. யாரும் அப்படிக் கட்டளை எழுதலை, பழைய ரெஸ்யூமேக்களே கத்துக்கொடுத்தன. சரி, பயிற்சி கொடுத்து மாத்திடலாமே? 2024-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைப் பார்த்தது. கறுப்பின மக்களைப் பற்றி நேரடியாகக் கேட்டால் மொழி மாடல்கள் நல்லதே சொல்லின. அவர்களோட பேச்சுவழக்கைக் கொடுத்தால் மட்டமான வேலைகளைப் பொருத்தின. சார்பு போகலை, அமுங்கியிருக்கு. ஏஐ-க்கு ஆசை கிடையாது, அதனால உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது.

ஆனா போஸோட முறை உதவும். ஒவ்வொரு ஆசைக்கும் எதிர் ஆசை உண்டு என்பது அவர் கொள்கை. அடிப்பவராகவும் அடிபடுபவராகவும் மாறி மாறிக் கற்பனை செய்யச் சொல்வார், சீசா பலகை மாதிரி. நீங்களும் ரெஸ்யூமேயை அப்படியே வெச்சுட்டுப் பெயர், பாலினம், ஊர் என ஒவ்வொன்றா மாத்திப் போடுங்க. மதிப்பெண் ஆடுதான்னு பாருங்க. இனிஷியல் மட்டும் இருக்கிற தமிழ்ப் பெயர் ஒன்றையும் சேர்த்துக்குங்க. புனேயில சர்நேம் கட்டத்தை நிரப்ப நாம படுற பாடு உங்களுக்கே தெரியும்.